இறைப்பணியில் உண்மை: பொறுப்பு கைமாறும்போது நம் மனநிலை எப்படி இருக்க வேண்டும்?

அஸ்தம்பட்டி அன்பர்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். சேலத்தில் ஒரு சபையின் செயற்குழுவில் இருக்கிறேன். சபையின் பெயரையோ, நான் குறிப்பிடப்போகிறவரின் அடையாளத்தையோ பொதுவில் சொல்வது முறையல்ல என்பதால் அவற்றைத் தவிர்த்து எழுதுகிறேன்.

எங்கள் சபையில் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தி வந்த மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துக்கொண்டு அவர் கீர்த்தனையின் பல்லவியை எடுத்துக் கொடுத்தால், பாட வராதவர்களும் தாமாகவே பாடிவிடுவார்கள். சென்ற ஆண்டின் இறுதியில், அந்தக் குழுவிலேயே பாடி வளர்ந்த ஓர் இளம்பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைப்பதென்று செயற்குழு தீர்மானித்தது. தீர்மானம் ஞாயிறு ஆராதனையில் மற்ற அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. அன்று முதல் அவர் கடைசி வரிசையில் உட்காருகிறார். பாடல் வேளையில் எல்லோரோடும் எழுந்து நிற்கிறார். ஆனால் வாய் திறப்பதில்லை. அவருக்கு நெருக்கமான சில குடும்பத்தினர் சனிக்கிழமைப் பயிற்சிக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சாரார், இத்தனை காலம் உண்மையாய் உழைத்தவரை இப்படி ஒதுக்கலாமா என்று கேட்கிறார்கள். இன்னொரு சாரார், அவர் ஆண்டவருக்காகத்தான் பாடினார் என்றால் பொறுப்பு போனதற்கு இவ்வளவு வருத்தம் ஏன் என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் என்னை உறங்க விடவில்லை. எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று கொலோசெயர் நிருபத்தில் வாசிக்கிறோம். அப்படிச் செய்தவருக்கு மனம் புண்படாதா, புண்பட்டால் அவர் செய்தது கர்த்தருக்கென்று அல்ல என்று ஆகிவிடுமா? வேதத்தின் வெளிச்சத்தில் பொறுமையாக எழுதும்படி வேண்டுகிறேன்.

மலைவாசி, ஏற்காடு

ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் வர இயலாதபோது எங்கள் சிற்றாலயத்தில் வசனம் சொல்லுகிறவன். தாங்கள் எடுத்துக் காட்டிய வசனத்தை நான் பிரசங்க பீடத்தில் கற்றுக்கொண்டதைவிடத் தோட்டத்தில் கற்றுக்கொண்டதே அதிகம் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மலையில் கார்த்திகை தொடங்கித் தை வரையிலும் பழம் எடுக்கும் காலம். காப்பிச் செடியின் ஒரே கொத்தில் சிவந்த பழமும், மஞ்சளித்த காயும், பச்சைக் காயும் கலந்தே இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் திருகி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மற்றவற்றை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். கிளையின் அடியைப் பிடித்து நுனி வரை ஒரே இழுப்பில் உருவிவிடுகிறவர்களும் உண்டு. உருவினால் கூடை விரைவாக நிறையும். எடைக்குக் கூலி என்பதால் மாலையில் தராசடியில் கூலியும் கூடும். ஆனால் பச்சைக் காயும் இலையும் கலந்து வரும், செடியும் காயப்படும். சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியும் அடர்ந்த சரிவில், மேஸ்திரி ஒரு வரிசையில் நின்றால் அடுத்த வரிசை அவர் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா அந்தத் தோட்டத்தில் பழம் எடுத்தார். அவர் மூட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் மேலே மிதக்கும் பொக்குப் பழம் ஒரு கைப்பிடி கூடத் தேறாது. மூடுபனியில் பத்தடி தூரம் கூடத் தெரியாத நாட்களிலும் அவர் மூட்டை அப்படித்தான் இருந்தது. எடையில் அவர் ஒரு நாளும் முதல் ஆளாக வந்ததில்லை. அதற்காக அவரை யாரும் பாராட்டியதும் இல்லை.

அந்த வசனத்திற்குச் சற்று முன்பாகப் பவுல், மனுஷருக்குப் பிரியமாயிருக்க விரும்புகிறவர்களாகப் பார்வைக்கு ஊழியஞ்செய்யாதிருங்கள் என்கிறார். அதை அவர் யாருக்கு எழுதினார் என்பதையும் கவனிக்க வேண்டும். மூப்பருக்கோ பாடகருக்கோ அல்ல, ரோமர் காலத்து வீடுகளில் சொந்தப் பெயரில் ஒரு பிடி மண்ணும் இல்லாத அடிமைகளுக்கே எழுதினார். கூலியையும் புகழையும் எதிர்பார்க்க வழியே இல்லாதவர்களைப் பார்த்து, நீங்கள் கர்த்தராகிய கிறிஸ்துவையே சேவிக்கிறீர்கள் என்று சொல்வது எத்தனை பெரிய கனம்!

தங்கள் சபையின் மூத்தவர் வருந்துவதை நான் குறை சொல்லமாட்டேன். மனிதனுக்கு மனம் உண்டு. ஆனால் அவர் வாய் மூடி நிற்பதைக் குறித்துத் துணிந்து ஒன்று சொல்வேன். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் மூத்த குமாரன், இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்தேன் என்று தகப்பனிடம் கணக்குச் சொல்லி, வீட்டுக்குள் வர மனதில்லாமல் வெளியே நிற்கிறான். அவன் சொன்ன கணக்கில் பொய் இல்லை. உண்மையாய் உழைத்தவன்தான் விருந்துக்கு வெளியே நிற்கிறான் என்பதே அந்தப் பகுதியில் என்னை நடுங்கச் செய்கிறது. செயற்குழு அவரிடமிருந்து எடுத்தது பொறுப்பைத்தான். துதியை யாரும் எடுக்கவில்லை; அதை அவரே ஆண்டவருக்குக் கொடாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

சூரமங்கலம் சகோதரி

ஏற்காட்டு ஐயா எழுதியதை மரியாதையோடு வாசித்தேன். அந்த அம்மாவின் மூட்டையை நினைத்து மனம் நெகிழ்ந்தேன். ஆயினும் ஐயா வசனத்தை நிறுத்திய இடத்தில் நிறுத்த என்னால் இயலவில்லை. நிருபத்தில் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே எஜமான்களைப் பார்த்துப் பேசுகிறது. உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று அது கட்டளையிடுகிறது. உழைக்கிறவருக்கு மனநிலையைப் போதிக்கும் சபை, உழைப்பை வாங்கிக்கொள்கிறவருக்கு நீதியைப் போதிக்காவிட்டால் நிருபத்தில் பாதியைத்தான் வாசிக்கிறது.

அறுப்பின் பண்டிகைக்கும் ஐக்கிய விருந்துக்கும் விடியுமுன் வந்து வெங்காயம் உரித்து, அண்டாவில் அரிசி களைந்து, பந்தி முடிந்தபின் கரி பிடித்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இருட்டில் வீடு திரும்பும் பெண்களை எல்லாச் சபைகளிலும் பார்க்கிறோம். நன்றியுரையில் பந்தல் போட்டவரின் பெயர் வரும், ஒலிபெருக்கி கொடுத்தவரின் பெயர் வரும். இவர்களின் பெயர் வராது. யாராவது மனம் நொந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஆண்டவருக்காகச் செய்கிறவர்கள் பேரை எதிர்பார்க்கலாமா என்ற பதில் உடனே வந்துவிடும். இந்தப் பதிலைச் சொல்லும் உரிமை உழைத்தவருக்கு மட்டுமே உண்டு. அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது தாழ்மை. பலனை அனுபவித்தவர் அதை அவருக்குச் சொன்னால் அது கடமையிலிருந்து நழுவுவது.

பவுல் அப்படி நழுவவில்லை. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளில் தொடங்கி, மிகவும் பிரயாசப்பட்ட மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பெயர் பெயராக எழுதுகிறார். ஆதித் திருச்சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரிப்பில் விடுபட்டதாக முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் அவர்களை நல்ல மனநிலையோடு இருக்கச் சொல்லி அனுப்பிவிடவில்லை. குறையைக் குறையென்று ஒப்புக்கொண்டு, 7 பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து, ஏற்பாட்டையே மாற்றினார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட அனைவருக்கும் கிரேக்கப் பெயர்கள் இருப்பதைப் பார்க்கும்போது, வருந்திய பக்கத்தாரிடமே பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

அஸ்தம்பட்டி ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த மூத்தவரிடம் தீர்மானத்திற்கு முன் யாராவது நேரில் பேசினீர்களா?

அஸ்தம்பட்டி அன்பர்

சகோதரியின் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். யாரும் பேசவில்லை. அவருடைய குரல் தளர்ந்துவிட்டதை எல்லோரும் அறிந்திருந்தும், அதை அவரிடம் சொல்லச் செயற்குழுவில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அறிவிப்பில் வாசித்துவிட்டால் சங்கடமில்லாமல் முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணினார்கள்.

ஒண்டிக்கடை ஆசிரியர்

நான் கத்தோலிக்கன், இருப்பினும் இந்த இழையில் பேசப்படுவது எந்தத் திருச்சபைக்கும் அந்நியமானதல்ல என்பதால் எழுதுகிறேன். ஏற்காட்டில் 1917-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் பள்ளியைப் பலரும் அறிவீர்கள். அதை நடத்தி வரும் அருட்சகோதரர்கள் குருக்கள் அல்லர். திருப்பலி நிறைவேற்றும் பீடம் அவர்களுடையதன்று. கரும்பலகையும் விளையாட்டுத் திடலும் மாணவர் விடுதியுமே அவர்கள் இறைவனுக்கு ஊழியம் செய்யும் இடங்கள். துறவற வாக்குறுதி கொடுத்தவர்கள் பீடத்தின் கனத்தை நாடாமல் வகுப்பறையைத் தேர்ந்துகொண்டு, மேலிடத்தார் மாற்றும்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படும் வாழ்க்கை முறையைக் குறித்து நான் நெடுநாள் சிந்தித்திருக்கிறேன். பொறுப்பை ஏற்கும் நாளிலேயே, இது நமக்குச் சொந்தமல்ல, ஒருநாள் விட்டுக் கொடுப்போம் என்ற எண்ணம் அவர்களுக்குப் பழகிவிடுகிறது. சபைகளில் பொறுப்பேற்கும் பொதுநிலையினருக்கு அந்தப் பழக்கத்தை நாம் கற்றுக்கொடுப்பதே இல்லை. ஒருவர் தளரும் வரை விட்டுவிட்டு, பிறகு திடீரென்று எடுத்துக்கொள்கிறோம்.

பழைய ஏற்பாடு இதில் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தின் முடிவில், ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியம் செய்யும் கோத்திரத்தாராகிய லேவியர் 25 வயது முதல் கூடாரப் பணிக்கு வர வேண்டும், 50 வயதானதும் அந்தப் பணியை விட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. ஆனால் 50 வயதானவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவர் தம் சகோதரரோடு கூட இருந்து காவல் காக்கலாம். பாரமான வேலைதான் அவருக்கு இல்லை. பணி முடிந்தவருக்கும் கூடாரத்தருகே ஓர் இடம் சட்டமாகவே வகுக்கப்பட்டிருந்தது. உங்கள் மூத்தவருக்குக் கடைசி வரிசையைத் தவிர வேறு எந்த இடத்தை உங்கள் தீர்மானம் வகுத்தது?

அதே நூலின் 27-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அடுத்த தலைவனை நியமிக்கும்படி ஆண்டவரிடம் கேட்டவர் மோசேயே. கானானுக்குள் தாம் போகப்போவதில்லை என்று கேட்ட அதே வேளையில், மேய்ப்பனில்லாத ஆடுகளாய் மக்கள் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலையாக இருந்தது. பிறகு சபையார் அனைவருக்கும் முன்பாக யோசுவாவை நிறுத்தித் தம் கைகளை அவன்மேல் வைத்தார். உன் கனத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடு என்பது ஆண்டவர் மோசேக்குச் சொன்ன வார்த்தை. கனத்தை மூத்தவர் தம் கையால் கொடுக்க வேண்டும். அறிவிப்புத் தாள் அதைக் கொடுக்க முடியாது. எனவே விட்டுக் கொடுக்கும் மனம் மூத்தவருக்கு எவ்வளவு தேவையோ, கொடுப்பதற்கு அவருக்கு ஒரு வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுக்கும் மனம் சபைக்கும் அவ்வளவு தேவை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரன்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறையில் இருக்கிறேன். பற்றவைக்கும்போது சேர்க்கும் கலப்பு உலோகத்தைச் சற்றுக் கூட்டினால் எடை ஏறும், வெள்ளியின் தரம் இறங்கும். வாங்கிப் போகும் பெண்ணின் கண்ணுக்கு அது தெரியாது. வாரத்தில் 6 நாள் இந்தச் சோதனையில் நிற்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை எந்த வரிசையில் உட்காருகிறோம் என்பது பெரிதாகத் தெரிவதில்லை. உண்மையாய்ச் சேவிப்பது என்றாலே சபையில் ஒரு பதவி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டதால்தான் பதவி போனால் ஊழியமே போனதுபோல ஆகிறது என்று நினைக்கிறேன்.

இளந்தளிர், அம்மாப்பேட்டை

பெரியவர்கள் மத்தியில் எழுதத் தயக்கமாக இருக்கிறது, மன்னிக்கவும். நான் வேறொரு சபையில் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறேன். இந்த இழையில் மூத்தவரைப் பற்றியும் செயற்குழுவைப் பற்றியும் பேசினீர்கள். பொறுப்பை ஏற்ற அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தான் கேட்டு வாங்காத ஒரு பொறுப்புக்காக, தனக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவரின் மௌனத்தை வாரந்தோறும் எதிரே பார்த்துக்கொண்டு பாடுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். சில பிள்ளைகள் பயிற்சிக்கு வராமல் நின்றதற்கும் அவரே காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

எங்களைப் போன்ற இளையவர்களுக்கும் ஒரு மனநிலை தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டும் ஒலிக்கருவியும் கையில் வந்துவிட்டால் முன்பிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் எங்களுக்குள் எளிதாகப் புகுந்துவிடுகிறது. எலியா தீர்க்கதரிசிக்குப் பின் அவர் பொறுப்பை ஏற்ற எலிசாவைப் பற்றி மற்றவர்கள் அறிமுகம் சொல்லும்போது, எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றே 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார்கள். அவனுக்கு இரட்டிப்பான வரம் கிடைத்தது என்பதை நாங்கள் விரும்பிப் பேசுகிறோம். தண்ணீர் வார்த்த நாட்களைப் பேசுவதில்லை. எங்கள் சபையிலேயே சில பழைய கீர்த்தனைகளின் மெட்டு ஒரே ஒரு பாட்டிக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். சுரப்படுத்தி எழுதி வைத்த தாள் எதுவும் கிடையாது. அவரருகில் உட்கார்ந்து கேட்டு, கைப்பேசியில் பதிவுசெய்து, தவறான இடங்களில் அவர் தொடையைத் தட்டி நிறுத்தித் திருத்தத் திருத்தத் திரும்பப் பாடிக் கற்றுக்கொள்கிறோம். ஒரு சங்கதியை நாங்கள் வேகமாக ஓட்டிவிட்டால், “ஆண்டவர் எங்கேயும் அவசரமாகப் போகவில்லை, நிதானமாகப் பாடு” என்பார். தங்கள் சபையின் மூத்தவரிடமும் அப்படிப்பட்ட செல்வம் நிறைய இருக்கும் அல்லவா?

மலைவாசி, ஏற்காடு

தம்பிக்கு என் வாழ்த்துகள். பாட்டியின் வார்த்தையை நான் அடுத்த ஞாயிறு சபையில் சொல்லப்போகிறேன்.

சகோதரி எழுப்பிய நீதியின் கேள்வியை முழுமையாக ஏற்கிறேன். நான் அதோடு சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. சபை நீதி செய்யும் வரை நான் காத்திருப்பேன் என்று ஊழியக்காரன் தீர்மானித்துவிட்டால், அவன் உள்ளத்தின் சாவி மற்றவர் கையில் போய்விடுகிறது. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துத் தன் ஜீவனை எடுத்துக்கொள்ளும்படி வேண்டியபோது, தேவதூதன் அவனைக் கண்டிக்காமல் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். ஓரேப் மலையிலே அவன் நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று சொன்னான். அவனுடைய துயரம் உண்மையானது; அவன் போட்ட கணக்கு தவறானது, பாகாலை வணங்காத 7000 பேர் இன்னும் இருந்தார்கள். எலிசாவை அபிஷேகம்பண்ணு என்ற கட்டளையும் அங்கேதான் வந்தது. அடை முதலில் வந்தது, கட்டளை பிறகு வந்தது. மூத்தவரிடம் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றாமல் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம் என்று சொல்லும்படி ஆண்டவர் லூக்கா 17-இல் கற்பித்தார். அதே சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில், விழித்திருந்த வேலைக்காரரைப் பந்தியிருக்கச் செய்து, எஜமானே அரைகட்டிக்கொண்டு அவர்களுக்கு ஊழியஞ்செய்வார் என்று சொன்னவரும் அவர்தாம். முதலாவதை ஊழியக்காரன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டாவதை எஜமான் செய்வார். சபை எஜமானின் பெயரைத் தரித்திருப்பதால், சகோதரி சொன்னதுபோல, சபைக்கு உரியது இரண்டாவதுதான்.

அஸ்தம்பட்டி அன்பர்

அனைவருக்கும் நன்றி. இந்த இழையில் வந்தவற்றைத் தாளில் எழுதிப் போதகர் ஐயாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் வாசித்துவிட்டு, சபை செய்ததைச் சபையே சரிசெய்ய வேண்டும் என்று சொன்னார். வரும் நாட்களில் போதகரும், அந்தப் பெண்ணும், நானும் மூத்தவரின் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். கலந்து பேசாமல் தீர்மானித்ததற்குச் செயற்குழுவின் சார்பில் வருத்தம் தெரிவிப்போம். அதன்பின் அவருக்குச் சம்மதமானால், சனிக்கிழமைப் பயிற்சியில் பிள்ளைகளுக்குக் கீர்த்தனைகளின் மெட்டைக் கற்றுக்கொடுக்க வரும்படி கேட்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையார் முன்பாக அவரே அந்தப் பெண்ணுக்காக ஜெபித்துப் பொறுப்பை ஒப்படைக்கும்படி ஆராதனையில் இடம் ஒதுக்கவும் போதகர் இசைந்திருக்கிறார். அவர் மறுத்தாலும் தொடர்ந்து போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். போகும்போது ஒரு சால்வை வாங்கிப் போகலாமா என்று குழுவில் ஒருவர் கேட்கிறார்.

சூரமங்கலம் சகோதரி

சால்வை வேண்டாம் ஐயா. அது வழியனுப்பு விழாபோல ஆகிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடும் போகாதீர்கள். அன்று அவர் மனம் ஏற்கனவே கனத்திருக்கும். வாரநாளில் மாலையில், அவருடைய மனைவியும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். இத்தனை காலம் சனிக்கிழமை மாலைகளைச் சபைக்கு விட்டுக்கொடுத்தவர் அந்த அம்மாவும்தான், வருத்தம் தெரிவிக்கும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். குரல் தளர்ந்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் அன்போடு உள்ளதைச் சொல்லிவிடுங்கள்; பாடகருக்கு அது தெரியாமல் இருக்காது. அந்தப் பெண் வாயடைத்துப்போய் உட்கார்ந்துவிடாதபடி, தனக்குச் சந்தேகமான ஒரு கீர்த்தனையின் பெயரைக் கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். போய்வந்தபின் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள். அதுவரை எங்கள் வீட்டு ஜெபத்தில் இரண்டு பேரையும் நினைத்துக்கொள்கிறோம்.